சுண்டக்காயின் தட்டு

அரங்கநாதனின் ஆட்டைப் பங்கு வாரத்துக்கு மேய்த்தவர் செல்லமுத்து. ஈற்றுக்கு ஒரு குட்டி மேய்ப்பவருக்கு என்று பேச்சு. அந்த ஈற்றில் மூன்று குட்டிகள். இரண்டு பிறந்த கையோடு எழுந்து நின்றன. மூன்றாவது நனைந்த துணி மாதிரி சாக்கில் கிடந்தது.

"இதான் உன் பங்கு, எடுத்துக்கோ," என்றார் அரங்கநாதன். என்ன தாராள மனசு பாருங்கள்!

செல்லமுத்துவுக்குக் கோபம்கூட வரவில்லை. மனைவி சின்னப்பொண்ணு போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் பொங்கலுக்கும் எட்டிப் பார்ப்பதில்லை. மலையடிவாரத்தில் கடைசிக் குடிசை அவருடையது. தனியாகத் தட்டின் முன் உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்காது. பாதி நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

குட்டியை வேட்டி மடியில் கட்டி எடுத்து வந்து, துணித் திரியைப் பாலில் நனைத்து வாயில் வைத்தார். சுண்டக்கா என்று பெயரும் வைத்தார். பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அதற்கென்று ஓர் அலுமினியத் தட்டு வந்தது. அவருக்கு ஒரு கவளம், அதற்கு ஒரு கவளம். அன்றைக்குத்தான் அவருக்கும் சோறு இறங்க ஆரம்பித்தது.

ஒரு வருஷத்தில் கூடப் பிறந்த இரண்டும் ஒல்லியாகத் துள்ளிக்கொண்டிருக்க, சுண்டக்கா உருண்டு திரண்டு நின்றது. சினையும் பிடித்தது. ஊரே கண் வைத்தது.

அரங்கநாதன் மாட்டுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் ஜீவா மட்டும் அதன் முதுகைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா அண்ணே போடுறீங்க இதுக்கு?"

"நான் துன்றதுதான். கூழு, சோறு."

"வேணாங்க. இது மூணுல ஒண்ணா தாய் வயித்துல பட்டினி கெடந்த குட்டி. கம்மியா வச்சே காலந்தள்ளக் கத்துக்கினு பொறந்திருக்குது. ஜாஸ்தி போட்டா அத்தனையும் கொழுப்பாத்தான் சேரும். ஈனுற நேரத்துல அந்தக் கொழுப்பே ஈரல்ல எறங்கி ஆளைச் சாய்ச்சிடும். சோத்தை நிறுத்திட்டு நடத்தி மேய வுடுங்க."

செல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. "உள்ளயும் பட்டினி, வெளியவும் பட்டினியா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று மாலை சுண்டக்காயின் தட்டில் ஒரு கவளம் கூடுதலாகவே விழுந்தது. சொன்னவர் படித்தவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சோற்றை நிறுத்தினால் மறுபடி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மறியல். வழிநெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஈனுவதற்கு நாலைந்து நாள் இருக்கையில் சுண்டக்கா தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் எழுந்திருக்கவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

விடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிச் சாலையில் நடந்தார். முதல் புளியமரம் குறுக்கே கிடந்த இடத்தில் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போறீங்க பெரியவரே?"

"ஆஸ்பத்திரிக்குப்பா. சினை ஆடு."

நாலு பேர் எழுந்து ஆட்டை வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் பதமாக இறக்கிக் கொடுத்தார்கள். அப்படி ஏழு மரம். எட்டாவது மரத்தடியில், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார் ஜீவா.

பையிலிருந்த ஒரே குளுக்கோஸ் பாட்டிலை ரத்தக்குழாயில் ஏற்றினார். வெல்லக் கரைசலைப் புகட்டினார். சுண்டக்காயின் கழுத்து நிற்கவில்லை. கடைசியில் கையை விட்டுக் குட்டியை இழுத்தெடுத்தார். ஒரே குட்டி. தாய் பிறந்தபோது இருந்ததைவிடவும் சின்னது. குட்டி தும்மியபோது தாய்க்கு மூச்சு நின்றிருந்தது.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றார் செல்லமுத்து.

ஜீவா குட்டியைத் துடைத்து அவர் மடியில் வைத்தார். "இதுவும் அதே மாதிரி வயித்துல பட்டினி கெடந்ததுதாங்க; தாய் தின்னது இதுக்கு வந்து சேரல. பாலை அளந்து குடுங்க. தழை கடிச்சதும் மேய வுடுங்க. சோறு மட்டும் வேணாம்."

குட்டி பிழைத்தது. மூன்றாம் மாதம் ஓடியாடி மேயத் தொடங்கியது. சாயங்காலம் அவர் சோற்றுப் பானையைத் திறந்தால் போதும், வாசனைக்கு வந்து காலை முட்டும்.

செல்லமுத்து அதைத் தூக்கி வெளியே விட்டுப் படலைச் சாத்தினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுண்டக்காயின் தட்டு மூலையில் கவிழ்ந்திருந்தது. வெளியே குட்டி விடாமல் கத்தியது.

"கத்திக்கினே இரு. தரமாட்டேன்," என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல், சொம்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒவ்வொரு கவளமாக விழுங்கினார். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. வைத்தால் கை தானாகப் படலைத் திறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.