இறங்கிய எண்

"அப்பா, விடுப்பா! நான்தாம்பா!" மகள் அலறிக்கொண்டே அவர் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து அழுத்தினாள். அவர் எக்கி அவள் முழங்கைக்குக் கீழே கடித்தார். வலியில் பிடி நழுவியதும் முஷ்டி பறந்தது. குறுக்கே வந்த அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. வார்டு ஆள்கள் இருவர் ஓடிவந்து அவரை அமுக்கிக் கட்டினார்கள்.

பள்ளி வேன் ஓட்டியவர். பிள்ளைகள் எத்தனை கூச்சல் போட்டாலும் ஓர் அதட்டல் கிடையாது. வாயில்லாப்பூச்சி என்று மற்ற டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். மஞ்சள்காமாலை என்று வந்து படுத்தவருக்கு, இன்று விடிந்ததிலிருந்து எல்லாரும் தன்னைக் கொல்ல வந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடந்த கல்லீரல் நொதியின் அளவு சரசரவென்று இறங்கியிருந்தது. ரிசல்ட்டைப் பார்த்ததும் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டவளே அவள்தான்: "குறைஞ்சிருச்சு, அப்பா பொழைச்சுக்குவாரு!"

டாக்டரம்மா அவளை ஓரமாக அழைத்தார்.

"அந்த நொதி கல்லீரல் செல்லுக்குள்ள இருக்க வேண்டியதும்மா. புரதத்துலேர்ந்து வர்ற அமினோ அமிலத்தைப் பிரிச்சு மாத்தறது அதோட வேலை. செல் உடைஞ்சா ரத்தத்துல கசியும்."

"அதான் குறைஞ்சிருச்சே டாக்டர்?"

"கசியறதுக்கு அங்க செல்லே மிச்சமில்லம்மா. கல்லீரல் சுத்தம் பண்ண வேண்டிய கழிவெல்லாம் மூளைக்கு ஏறிடுச்சு. உங்களை அடிக்கிறது அவர் இல்ல."

உள்ளே கண்ணாடி நொறுங்கியது. கட்டை அறுத்துக்கொண்டு எழுந்தவர், குளுக்கோஸ் கம்பத்தால் ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தார். ஊசி பிடுங்கிய கையிலிருந்து ரத்தம் சுவரெங்கும் தெறித்தது. யாரும் கிட்டே போகவில்லை. அம்மா மட்டும் சில்லுகளை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

"என்னங்க... நான்தாங்க."

கம்பம் ஓங்கியது. அம்மா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே துவள, அவர் அவள் தோளில் சரிந்தார். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. சாயங்காலம் மூச்சும் நின்றது.

நல்ல சேதி கேட்டுக் கிளம்பி வந்த அத்தை, வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உதட்டுல என்ன அண்ணி, இப்படி வீங்கியிருக்கு?"

"படியில வழுக்கிருச்சு."

"அண்ணன் ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. தூங்கற மாதிரியே போயிட்டாரு."

மகள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.