பச்சைத் துணிக்கு மெத்தை

கேமரா முன்னால் வந்தால் பிரணபேஷ் சான்யாலுக்கு வெள்ளைக் கையுறை இல்லாமல் பேச்சே வராது. கேமரா அணைந்ததும் அதே கையுறையோடு சிங்காரா என்னும் வங்காளச் சமோசாவைத் தின்பார். கல்கத்தா பவானிப்பூரில் ஓவியர் நீரத்பரண் குஹா வாழ்ந்த வீட்டைக் காப்பகமாக்கி, அதற்கு இந்த மனிதரைச் செயலாளராகவும் ஆக்கிய அறங்காவலர்களை நினைத்தால் கமலிகா பாதுரிக்கு வயிறு எரியும். செத்துப்போன ஓவியரின் படங்களைப் பராமரிப்பது அவள் வேலை. உயிரோடிருக்கும் செயலாளரைப் பராமரிப்பதும் அவள் தலையிலேயே விழுந்தது.

வாரா வாரம் 'திரைக்குப் பின்னால்' என்று ஒரு காணொளி போடுவார். பெட்டியைத் திறப்பார், கண்ணை மூடுவார், பெருமூச்சு விடுவார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவர் கண் சியால்தா படங்கள்மேல் விழுந்தது. பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்து சியால்தா ரயில் நிலையத்து நடைமேடையிலேயே குடித்தனம் நடத்திய சனங்களை, நீரத்பாபு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கரியால் வரைந்தவை அவை. நல்ல காகிதம் வாங்க வக்கில்லாத நாட்கள். அச்சகத்தில் கழித்துப்போட்ட தாளில்தான் வரைந்தார். ஈரம் பட்டால் பூசணம் பூக்கும், தொட்டால் உதிரும். வீட்டில் ஈரம் புகாத கண்ணாடி அலமாரி ஒன்றே ஒன்றுதான். அதில் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள் கமலிகா.

"அதை எடு கமலிகா. ஒவ்வொண்ணா புரட்டிக் காட்டுறேன். பார்க்கிறவன் அழுதுடணும்."

"புரட்டுனா நான்தான் அழணும், பிரணபேஷ்-தா. தூளாத்தான் கையில வரும்." அண்ணன் என்று மதித்துப் போடும் அந்தத் 'தா'வில் மட்டும்தான் மரியாதை இருந்தது.

"அப்ப அழ வைக்கிற மாதிரி வேற எதையாச்சும் குடு. எனக்கு இன்னைக்கு ஒரு பொக்கிஷம் வேணும்."

பொக்கிஷம் வேணுமாம், கடையில் உருளைக்கிழங்கு கேட்பதுபோல. அவளுக்குள் குறும்பு புகுந்தது. போன துர்கா பூஜைக்கு ஜன்னல்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தவன் விட்டுப்போன துணி கொல்லைப்புறத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, நாடா கட்டிக் கொண்டுவந்தாள்.

"நீரத்பாபு கடைசியா தூரிகை துடைச்ச துணி," என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பிரணபேஷ் தலையைத் திருப்பினால் போதும். ஜன்னல் முழுக்க அதே பச்சைதான். பார்த்ததும் திட்டுவார், காணொளி நின்றுபோகும், சியால்தா படங்கள் தப்பிக்கும் என்பது அவள் கணக்கு. ஆனால் அந்த மகானுபாவர் ஜன்னலுக்கு எதிரிலேயே விளக்கை வைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இந்தப் பச்சையைப் பாருங்க. பத்மா நதிக்கரையில அவர் விட்டுட்டு வந்த வயலோட பச்சை." குரல் தழுதழுத்தது. "இந்தச் சிவப்பு... இதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல."

கமலிகாவிடம் வார்த்தை இருந்தது. அது பெயிண்ட் அடித்தவன் வாய் துடைத்த பான் கறை.

காணொளியைப் பார்த்து ஊரே உருகியது. ஒரு பேராசிரியர் அந்தப் பச்சையைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். டொராண்டோவிலிருந்து ஒரு பெண்மணி, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாக எழுதினாள். கலையைக் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் கல்கத்தாவில், பிரணபேஷின் காதுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலைக் கவனித்தவன் ஒருவனும் இல்லை. கமலிகா வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. பிரணபேஷ் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அறங்காவலருங்க முடிவு பண்ணிட்டாங்க. துணி கண்ணாடி அலமாரிக்குப் போகுது. சனங்க நேர்ல வந்து பார்க்கப்போறாங்க."

"அதுல இருக்கிற படங்க?"

"மாடிப்படிக்கு அடியில மரப்பெட்டி இருக்கே, அதுல போடு."

மாடிப்படிக்கு அடியில் மழைக்கு மழை தண்ணீர் கசியும்.

"அது ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சவன் துணி, பிரணபேஷ்-தா. விளையாட்டுக்குக் குடுத்தேன். அந்தச் சிவப்பு பான் எச்சில்."

அவர் அதிரவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினார்.

"தெரியும். காணொளியை வெட்டி ஒட்டும்போதே ஜன்னலைப் பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"பெட்டியில வெச்சு, நாடா கட்டி, நீரத்பாபு பேரைச் சொல்லிக் குடுத்தது யாரு? கமலிகா பாதுரி. வெளியே போய்ப் பொய்னு சொல்லு பார்ப்போம். அப்புறம் உன் சியால்தா படமெல்லாம் அவர் வரைஞ்சதுதான்னு நீ சொன்னா எவன் நம்புவான்?"

இவ்வளவு நாளும் முட்டாள் என்று நினைத்து எள்ளி நகையாடிய மனிதர் சொன்னது சரிதான். அவமானத்தில் காது சுட்டது. அந்தப் படங்களில் கையெழுத்துகூடக் கிடையாது. அவள் வாய்ச்சொல்தான் அவற்றுக்குச் சாட்சி.

மறுநாள் கேமரா முன்னால் கமலிகாவே துணியை அலமாரியில் வைத்தாள். மேல் தட்டில் முதலில் தடித்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெல்லிய தாள் பரப்பி, அதற்கு மேல் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்தாள். உறைகளுக்குள் என்ன என்று பிரணபேஷ் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

"பாருங்க! ஒரு துணிக்கு அடியில எத்தனை மெத்தை! எங்க பராமரிப்பு அப்படி. மெத்துனு இருக்கில்ல, கமலிகா?"

"மெத்துனு இருக்கு, பிரணபேஷ்-தா," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சியால்தா நடைமேடையில் படுத்திருந்த அத்தனை பேரும் ஈரம் படாமல் உறைகளுக்குள் கிடந்தார்கள், எவனோ வாய் துடைத்த துணியைப் போர்த்திக்கொண்டு.