ஒரு கிண்ணம் வசந்தம்

உணவுத் தர ஆய்வாளரின் முகத்தில் இருந்தது மூக்கே இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்த்த வேட்டை நாய். தெருமுனையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், ஓட்டல் சமையலறைகளில் கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு மூட்டை முடிச்சைக் கட்டிவிடும். அவர் எதுவும் பேச மாட்டார். அண்டாவின் மூடியைத் தூக்குவார், எட்டிப் பார்ப்பார். இடது நாசி மேலே ஏறும், வலது கண் சுருங்கும், உதட்டோரத்தில் ஒரு சுழி விழும். அவ்வளவுதான், கடைக்குப் பூட்டு. அந்த மூஞ்சியைப் பார்த்து நின்ற இடத்திலேயே மயங்கிச் சரிந்த முதலாளிகள் உண்டு. ஒருவர் சமையல் தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிட்டுப் பூட்டு சாவிக் கடை வைத்துவிட்டார் என்று கேள்வி.

அப்பேர்ப்பட்டவர் நாற்பது வயதைத் தாண்டியபின் கல்யாணம் செய்துகொண்டார். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய முதல் கல்யாணத்தில் பிறந்த நாலு வயதுச் சின்னவளும் அம்மாவோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த சூட்டோடு சூடாக, மண்ணைப் பிசைந்து ஒரு கேக் செய்தாள். மேலே அலங்காரத்துக்கு ஒரு செத்த வண்டு. அதை அவர் சாப்பாட்டுத் தட்டிலேயே கொண்டுவந்து வைத்தாள். புது ஆளுக்கு விருந்து! பழக்க தோஷம், அவர் அந்த மூஞ்சியைக் காட்டிவிட்டார். அதோடு விட்டாரா? கையுறை மாட்டிக்கொண்டு, கேக்கை இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, குப்பையில் சேர்த்துவிட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கினார்.

அன்றோடு சின்னவள் அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது வேண்டுமானால் சுவரைப் பார்த்து, "அவரு டப்பாவத் திறந்து தரணும்" என்பாள். வீட்டில் வேறு யாருமே இல்லாவிட்டாலும் சுவர்தான். சுவர் என்ன செய்யும் பாவம், கேட்டுக்கொள்ளும். அவர் டப்பாவைத் திறந்து தருவார். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். பொம்மை வாங்கி வந்தார், யானை மாதிரி நடந்து காட்டினார். ஒன்றும் எடுபடவில்லை.

இந்த நிலைமையில்தான் பாலர் பள்ளியில் வசந்த விழா வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வர வேண்டும். சின்னவள் சுவரிடம் சொன்னாள்: "அவரு வரட்டும்."

நர்ஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

விழா அன்று காலையில் அவருக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "என்னங்க, கெஞ்சிக் கேக்கறேன். அந்த மூஞ்சிய மட்டும் அங்க காட்டிடாதீங்க."

"எந்த மூஞ்சி?"

"இதோ, இப்பக் காட்டறீங்களே, இதேதான்! அவளா கூப்பிட்டிருக்கா. இன்னைக்கும் சுளிச்சீங்கன்னா ஜென்மத்துக்கும் சுவரோடதான் பேசுவா, சொல்லிட்டேன்."

"சின்னப் பசங்கதானே. என்ன பண்ணிடப் போறாங்க?"

நர்ஸ் சிரித்தாள். எத்தனையோ வாந்தியையும் சீழையும் துடைத்துப் போட்டவளின் சிரிப்பு அது.

வகுப்பறைக் கதவைத் திறந்ததும் முதலில் வாடைதான் வரவேற்றது. ஈரச் சாக்ஸ், பசை, புளித்த பால், யாரோ ஒருவர் கால்சட்டையில் ரகசியமாகச் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாத காரியம். எல்லாம் கலந்து ஒரே கதம்பம். சுவர் முழுக்கக் குழந்தைகள் உள்ளங்கையைச் சாயத்தில் முக்கி அப்பிய பூக்கள். அந்தப் பூக்களிலிருந்து சாயம் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் கோப்பைகளில் பயறு முளைத்திருந்தது, பூஞ்சணமும் போட்டிக்கு முளைத்திருந்தது. கண்ணாடிக் குடுவையில் கம்பளிப்புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. தின்றதை அங்கேயே வெளியே தள்ளிக்கொண்டுமிருந்தன. குழந்தைகளின் கழுத்தைச் சுற்றிக் காகித இதழ்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பூந்தோட்டம். கிட்டே போனால் ஒவ்வொரு பூவுக்கும் மூக்கு ஒழுகியது. ஆய்வாளர் மனசுக்குள் அந்த அறையை மூன்று தடவை இழுத்துப் பூட்டி சீல் வைத்துவிட்டார்.

இரண்டு பச்சைத் தண்டவாளங்கள் மேலுதட்டில் இறங்க, ஒரு பையன் வந்து நின்றான். அவ்வப்போது நாக்கு வெளியே வந்து தண்டவாளத்தைத் துப்புரவு செய்துவிட்டு உள்ளே போனது. ஆய்வாளர் அவனுக்கு மனசுக்குள் 'இரட்டைக் குழாய்' என்று பேர் வைத்தார்.

"மாமா, கைய நீட்டுங்க."

நீட்டினார். ஈரமாக ஒரு மண்புழு வந்து விழுந்தது.

"செத்துப்போச்சாப்பா?"

"இல்ல மாமா, தூங்குது. நான் முத்தம் குடுத்தா எந்திரிச்சுரும்." குனிந்து, சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தான்.

புழு எழுந்தது. ஆய்வாளர் காலையில் சாப்பிட்டதும் எழுந்தது.

அறையின் மறுகோடியிலிருந்து சின்னவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழுவை அல்ல, முகத்தை. அவர் தாடையை இறுக்கி, நாசியைக் கீழே இழுத்துப் பிடித்து, ஒரு புன்னகையைச் செய்து ஒட்டினார்.

தலையெல்லாம் ஜிகினா மின்ன, மிஸ் கை தட்டினார்: "இப்ப நம்ம குட்டிச் சமையல்காரங்க எல்லாரும் என்ன பண்ணப் போறாங்க? வசந்தப் பழக்கலவை! வீட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு, அவங்கவங்க கையாலயே!"

கை கழுவ ஒரே ஒரு வாளி. எல்லாக் குழந்தைகளும் அதிலேயே முக்கினார்கள். கடைசிக் குழந்தை முக்கியபோது, உள்ளே போன கையைவிட வெளியே வந்த கை அழுக்காக இருந்தது.

அதன்பிறகு நடந்ததை ஆய்வாளர் ஒன்று விடாமல் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவர் கண்ணுக்குத் தெரியாது. சின்னவள் வாழைப்பழத்தின் நுனியைப் பல்லால் கடித்து உரித்தாள். முஷ்டியால் குத்தினாள். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் குத்தினாள். கறுப்புத் திராட்சை ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. படுத்துக் கையை விட்டு, பஞ்சும் தலைமுடியுமாக அதை மீட்டு, "ஃபூ" என்று ஊதிக் கிண்ணத்தில் போட்டாள். தேன் கரண்டியை நக்கினாள், பாட்டிலுக்குள் விட்டாள், மறுபடி நக்கினாள். நடுவில் ஒரு தும்மல் வந்தது. நல்ல வளர்ப்பு, தன் கிண்ணத்தில் தும்மாமல் மரியாதையாக முகத்தைத் திருப்பி, பக்கத்தில் இருந்த இரட்டைக் குழாயின் கிண்ணத்துக்குள் தும்மினாள்.

பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். அவருக்கு எதிரில் நின்றாள். பக்கத்திலேயே சுவர் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"சாப்பிடுங்க."

சுற்றிலும் மற்றப் பெரியவர்கள் தப்பிக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா தன் கிண்ணத்தைப் பூந்தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு தாத்தா, "எனக்கு சுகர்" என்று சத்தியம் செய்தார். ஆய்வாளர் கரண்டியை எடுத்தார். சாம்பல் நிறக் கூழ். அதில் ஒரு முடி, நீச்சல் அடிப்பதுபோல வளைந்து கிடந்தது. முகத்தில் இருந்த தசைகளை ஒவ்வொன்றாகக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் கொடுமை. அத்தனை நேரம் அந்தச் சின்னக் கைகளுக்குள்ளேயே கிடந்து வெந்திருந்தது. குடல் மொத்தமும் மேலேறித் தொண்டைக்குழியில் வந்து நின்று, 'யாரைக் கேட்டு இதை அனுப்புகிறாய்?' என்று சண்டை பிடித்தது. அவர் விழுங்கினார். திராட்சை பல்லில் நறநறத்தது. விழுங்கினார். முடி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதையும் விழுங்கினார். கண்ணில் நீர் கோத்தது, நாசி அசையவில்லை. கிண்ணத்தை வழித்துக் காட்டினார்.

சின்னவள் இரட்டைக் குழாயின் பக்கம் பாய்ந்தாள். "பாத்தியாடா! தூக்கிப் போட்டுருவாருன்னு சொன்ன இல்ல? எல்லாத்தையும் சாப்ட்டாரு!"

"என்னோடதச் சாப்பிடச் சொல்லு பாக்கலாம்."

"சாப்பிடுவாரு! எங்க ஆளு எதக் குடுத்தாலும் சாப்பிடுவாரு!"

தும்மல் விழுந்த கிண்ணம் அவர் மூக்குக்குக் கீழே வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே பச்சையாக ஏதோ மினுமினுத்தது. மிஸ் வைத்திருந்த பழங்களில் பச்சையாக எதுவுமே இல்லை.

அவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த மூஞ்சி கதவை உடைத்துக்கொண்டு வந்தது. இடது நாசி நெற்றி வரைக்கும் ஏறியது. வலது கண் உள்ளே போய்க் காணாமலே போனது. உதட்டுச் சுழி காதைத் தொட்டது. வாயிலிருந்து "ஓஓக்" என்று ஒரு சத்தம். ஓட்டல் முதலாளிகள் எவரும் கண்டிராத மூஞ்சி அது. பணிக்காலம் முழுவதும் சேர்த்து வைத்ததை வட்டியோடு இறக்கிவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவள் தலைக்குள் ஒரு கணக்கு மெதுவாக ஓடி முடிந்தது.

"அய்யே!" என்று கத்தினாள். "உன்னோடதுக்கு மூஞ்சியப் பாருடா! என்னோடதுக்கு இப்படி வரவே இல்ல!"

இரட்டைக் குழாய்க்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு மூஞ்சியை வாங்கித் தந்த பெருமையில் தரையில் உருண்டு சிரித்தான். அடுத்த நிமிடம் வகுப்பு முழுக்கக் கிண்ணத்தோடு முண்டியடித்தது. "மாமா, எனக்கு! மாமா, என்னோடதுக்கு இன்னும் மோசமா!" அவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஒவ்வொரு கிண்ணமும் அதனதன் தகுதிக்கேற்ற மூஞ்சியைத் தானாகவே பெற்றுக்கொண்டது. சின்னவள் அவருடைய கால்சட்டையைப் பிடித்தபடி அதிகாரம் செய்தாள்: "தள்ளாதீங்க! இவரு எங்க வீட்டவரு. வரிசையா வாங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போதும் சுவரைத் தேடவில்லை. நிமிர்ந்து அவரையே கேட்டாள்: "நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

அவருக்குப் பொய் வராது. "இல்லம்மா. ரொம்பக் கேவலம்."

"எனக்கும் பிடிக்கல. மொதல்ல நான்தான் ஒரு வாய் சாப்ட்டுப் பாத்தேன். உவ்வே! துப்பிட்டேன்."

அவர் நடை நின்றது. "எங்க துப்பின?"

"கிண்ணத்துலதான். தரையில துப்பக் கூடாதுன்னு மிஸ் சொல்லிருக்காங்க. அப்புறம் தெரியாம இருக்கக் கிண்டி விட்டுட்டேன்."

பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கீழே அவள், அண்ணாந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது நாசி துடித்தது. அவர் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சரிதான்," என்றார். "வேற எங்க துப்புவ?"

"அதானே!" என்று அவருடைய இன்னொரு கையைப் பற்றிக்கொண்டு, கலவையில் வேறு என்னவெல்லாம் போட்டாள் என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினாள்.