மூன்று பிடிப் பூவும் அவிழாத பாயும்

1997 ஆகஸ்ட் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எத்திராஜ் படகின் பாயைத் தலைகீழாகக் கட்டிவிட்டதால், பெங்களூர் அல்சூர் ஏரியில் காலை ஒன்பதே காலிலிருந்து பதினோரு நிமிடம் மழை கீழிருந்து மேலே பெய்தது. கரையில் நடைபயிற்சிக்கு வந்தவர்களின் செருப்பும் பேண்ட்டின் உள்பக்கமும் நனைந்தன. தலைமுடி காய்ந்தே இருந்தது. குடை வைத்திருந்த ஒருவர் அதைக் காலுக்குக் கீழே விரித்து அதன்மேல் நிற்கப் பார்த்து, இரண்டு கம்பிகளை முறித்துக்கொண்டார். பாயை இறக்கி நேராகக் கட்டியதும் மழை நின்றது. பதினோரு நிமிடமா, பன்னிரண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மற்றபடி இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

எத்திராஜ் ஸ்ரீராம்புரத்துக்காரர். ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மோட்டார் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் காவல் பிரிவில் இருந்தார். மற்ற நாளெல்லாம் கேட்டில் நிற்பார். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் கொடி கட்டுவார். கொடியை மடித்து, நடுவில் ஒரு பிடிப் பூவிதழ் வைத்து, கயிற்றைச் சுண்டினால் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போடுவார். பெரிய அதிகாரி வந்து ஒரு இழுப்பு இழுப்பார், கொடி விரியும், பூ உதிரும், எல்லோரும் அதிகாரியைப் பார்த்துக் கைதட்டுவார்கள். எத்திராஜுக்கு அதில் வருத்தமில்லை. முடிச்சு யாருடையது என்று அவருக்குத் தெரியும், அது போதும்.

1997 ஜனவரியில் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. காலையில் கேட்டுக்குள் நுழைகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாவம், இந்த வருடமாவது நன்றாகப் பூ கொட்டட்டும் என்று குடியரசு தினத்துக்கு எத்திராஜ் ஒரு பிடிக்குப் பதில் மூன்று பிடி வைத்தார். பொட்டலம் பருத்தது, முடிச்சு இறுகியது. அதிகாரி மூன்று தரம் இழுத்தும் அவிழவில்லை. ஆயிரத்து இருநூறு பேர் ஒரு பொட்டலத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று தேசிய கீதம் பாடினார்கள். பிறகு அதை இறக்கவும் முடியவில்லை. எந்த ஏணி வைத்தாலும் கம்பம் அந்த ஏணியைவிட ஒரு முழம் கூடுதலாக வளர்ந்தது. நான்காவது ஏணிக்குப் பிறகு நிர்வாகம் அந்த முயற்சியைக் கைவிட்டது. அதற்குள் ஓசூர் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே பொட்டலம் தெரிகிற உயரம் வந்திருந்தது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். எத்திராஜ் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். அந்த ரோட்டையே விட்டார். ஓசூரில் மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் பன்னேர்கட்டா, ஆனேக்கல் என்று சுற்றிக்கொண்டு போய், தாலி கட்டி முடிந்த பிறகு சேர்ந்தார்.

அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்து, அதே மாதம் விருப்ப ஓய்வு வாங்கியவர் ரிச்சர்ட்ஸ் டவுன் டென்சில். அவர் நாலு நண்பர்களோடு சேர்ந்து அல்சூர் ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, படகுக் கழகம் என்று பெயர் வைத்தார். படகு ஒன்றுதான். இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலை, ஒரு பாய்மரம். கயிறுகளோ எக்கச்சக்கம்.

"எத்திராஜ், எந்தக் கயிறு எங்க போறதுன்னு புக்ல போட்டிருக்கான். படிச்சா எனக்கு ஒண்ணும் கொத்தில்ல, புரியவே இல்ல. நீ வாப்பா," என்று டென்சில் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்.

எத்திராஜ் தயங்கினார். மனைவி பாஞ்சாலி தயங்கவில்லை. "போய்னு வாய்யா. வூட்ல குந்திகினு, துணி காயப்போடற கயித்த முடிச்சு போட்டுப் போட்டு அவுத்துனு கெடக்கற."

கட்டுவதில் அவர் கை இன்னும் கெட்டிதான். சிக்கல் என்னவென்றால், கட்டி முடித்து, டென்சில் கயிற்றில் கை வைத்ததும் எத்திராஜ் கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் கயிற்றை இழுப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. கட்டியது சரியா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். அதனால்தான் தலைகீழ்ப் பாய், மேலே போன மழை. செப்டம்பரில் இரண்டு சுக்கான்களையும் இடம் மாற்றி மாட்டினார். படகு இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அல்சூர் வழியாகப் போன பஸ்கள் வலப்பக்கம் திரும்பின. சிவாஜிநகர் போக வேண்டியவர்கள் டொம்லூரில் இறங்கி, அங்கேயும் கொஞ்சம் வேலை இருந்ததால் முடித்துக்கொண்டு போனார்கள். அக்டோபரில் படகின் அடியில் இருக்கும் தக்கைகளைப் போட மறந்தார். வேறு படகாக இருந்தால் முழுகியிருக்கும். இது முழுகாமல் ஏரியைக் குடித்தது. நீர் நான்கு விரல் இறங்கியது. கரையேற்றிச் சாய்த்தபோது குடித்ததை வெளியே விடவில்லை. அந்தத் தண்ணீர் எப்படிப் போனதோ, அடுத்த மூன்று நாள் ஸ்ரீராம்புரத்துத் தெருக்குழாய்களில் இரவும் பகலும் வந்தது. ஒன்றிரண்டு கெண்டை மீனும் வந்தன.

"இன்னோர் தபா மறந்துட்டு வாயேன்," என்று பாஞ்சாலி சொன்னாள். தெருவே சொன்னது. எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையால் இனி எதுவுமே ஒழுங்காக அவிழாது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

1998 ஜனவரி 26 அன்று படகு விழா வைத்தார் டென்சில். தொழிற்சாலையின் பழைய ஆட்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினார். முந்நூறு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். அன்றைக்கு மட்டும் தப்பு வரக்கூடாது என்று எத்திராஜ் புத்தகத்தின் படங்களை ஒரு வாரம் பார்த்து வைத்திருந்தார். ஆனால் தேதி கைக்குத் தெரிந்துவிட்டது. கை தன்போக்கில் பாயைச் சதுரமாக மடித்தது, நடுவில் சாமந்தி இதழ் வைத்தது, கொடி முடிச்சுப் போட்டது. பொட்டலம் மரத்தின் உச்சிக்குப் போன பிறகுதான் அவரே கவனித்தார். டென்சில் கயிற்றைச் சுண்டினார். இரண்டாம் தரம் இழுத்தார். மூன்றாம் தரம் இழுத்தார்.

கரையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். போன வருடம் பார்த்த அதே கண்கள். எத்திராஜ் கண்ணை மூடியிருந்தார். பிறகு, இதற்குமேல் என்ன இருக்கிறது என்று திறந்தார். சட்டையோடு ஏரியில் இறங்கி, மார்பளவு நீரில் நடந்து போய்ப் படகில் ஏறினார்.

"குடு சார். இது எம் முடிச்சு."

அவர் வாழ்க்கையில் தான் கட்டியதைத் தானே இழுத்தது அதுதான் முதல் தடவை. கயிறு வந்தது. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. மரத்தின் உயரம் இருபத்தைந்தடி. வந்த கயிறு வலையை நிறைத்து, டென்சிலின் இடுப்பு வரை ஏறி, ஓரங்களில் வழிந்து நீரில் விழுந்தது. இருபது நிமிடம் இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்தது. பிறகு எங்கோ தூரத்தில் ஏதோ சட்டென்று விட்டுக்கொடுத்த மாதிரி கயிறு தளர்ந்தது. மேலே பார்த்தார். பாய் அவிழவில்லை.

அப்போது கொட்டகையில் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற பாஞ்சாலி எடுத்தாள். தொழிற்சாலையில் டியூட்டியில் இருந்ததால் வர முடியாத காவலாளி ராஜேந்திரன், அழைப்பிதழில் இருந்த நம்பருக்குப் பேசினார். அவள் போனை அப்படியே தொங்கவிட்டுக் கரைக்கு ஓடினாள்.

"யோவ்! அவுந்துச்சாம்யா! அங்க, கம்பத்துல! புதுப் பூவாம், ஒண்ணுகூட வாடலயாம், கணுக்கால் வரிக்கும் கொட்டிக் கெடக்குதாம்!"

முந்நூறு பேரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். யாரோ தேசிய கீதத்தை ஆரம்பித்தார்கள். எத்திராஜ் கயிற்றுக் குவியலுக்கு நடுவில் நின்று, வாய் அசைத்தாரே தவிரப் பாட முடியவில்லை, அழுதார்.

படகின் பாய் இன்றுவரை அவிழவில்லை. பொட்டலத்தோடேதான் படகு போகிறது, மற்ற படகுகளைவிடக் கொஞ்சம் வேகமாகவே. ஏரிக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. கம்பத்தைப் பிடுங்க முடியாததால் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் அப்படியே விட்டார்கள். வருடத்தில் இரண்டு நாள் அதில் கொடி கட்ட எத்திராஜைக் காரில் அழைத்துப் போகிறார்கள், ஓசூர் ரோடு வழியாகவே. ஒரு பிடி போதாதா என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேட்பார். எத்திராஜ் மூன்று பிடிதான் வைக்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு, கயிற்றை அவரே இழுக்கிறார்.