முதல் பத்தாயிரம் படிகளைத் தூக்கிப் போடவும்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் முன்னால் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல். என் கணவர் அதன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இயற்பியல் பேராசிரியர். ஆகவே சும்மா இருக்கிறாரா, வேலை செய்கிறாரா என்று சொல்வது கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கே பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

நல்ல மனைவி ஓடிப்போய்த் தோளைத் தொட்டிருப்பாள். நான் கதை எழுதுகிறவள். நல்ல தொடக்கம் மாட்டியது என்றுதான் முதலில் நினைத்தேன். தோளை அப்புறம் தொட்டேன்.

2

தொடக்கம் மாட்டினால் போதுமா, எழுத வர வேண்டாமா? என் முயற்சிகள்:

"பிரபஞ்சத்தின் மாபெரும் புதிர்களில் ஒன்றைத் தன் சட்டைப்பையில் சுமந்து திரிந்த அந்த மனிதர்..." எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். தவிர, அவர் சட்டைப்பையில் இருப்பது மூடியில்லாத பேனா.

"பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், ஒரு பெண் தன் கணவனிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்..." வேண்டாம், சினிமாத்தனம். இதையும் அடித்தாயிற்று.

அடித்த வரிகளை அவர் எட்டிப் பார்த்தார்.

"நல்லதுதான். நாங்களும் ஆரம்பத்தைத் தூக்கிப் போட்டுடுவோம். கணினில ஓட்டும்போது முதல் பத்தாயிரம் படி கணக்குலயே வராது."

"ஏன்?"

"ஆரம்பத்துல நாம எப்படி அடுக்கி வச்சமோ, அந்த வாடை அதுல இருக்கும். அது போகணும்."

"போகலன்னா?"

பதினைந்து வருடமாக அந்தக் கேள்விதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

3

அவர் துறையின் பெயர் சமநிலையற்ற புள்ளியியல் விசையியல். யாராவது கேட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.

அடுப்பை அணைத்தால் வெந்நீர் ஆறி, அறையோடு சமாதானமாகிவிடும். அது சமநிலை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால்? அங்கேதான் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வெந்நீர் கணினிக்குள் இருக்கிறது. ஒரு குறுகலான சந்து, ஆயிரக்கணக்கான துகள்கள், பின்னாலிருந்து ஓயாமல் ஒரு தள்ளு. முன்னால் இடமிருந்தால் ஓடலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும். வெகுநேரம் இப்படி நெருக்கியடித்த பிறகும், முதலில் தங்களை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பது துகள்களுக்கு நினைவிருக்குமா?

இருக்கும், மறக்கவே மறக்காது என்று பதினைந்து வருடங்களுக்கு முன் இவர் ஒரு கட்டுரை எழுதினார். கணினி மூன்று வாரம் ஓடியது. வரைபடத்தில் நினைவைக் காட்டும் கோடு கொஞ்சமும் இறங்கவில்லை. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இவருக்கு இந்த வேலை வந்தது, எங்களுக்கு இந்த ஊர் வந்தது, பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த என் வேலை போனது. துறையில் இவருக்கு 'ஞாபகசாலி' என்று பட்டப்பெயர். அந்த ஞாபகசாலி பேருந்தில் விட்ட குடைகள் மூன்று.

[ஓரத்தில் அவருடைய பென்சில்: "துகள் ஓடாது, தாவும். குடை ரெண்டுதான்." நான் எழுதுவதையெல்லாம் இப்படித் திருத்தித் தருவார். கேட்காமலே.]

4

போன மாதம் ஏதோ கருத்தரங்கில் காட்ட, அந்தப் பழைய படத்தைக் கொஞ்சம் அழகாகப் போட நினைத்திருக்கிறார். புதுக் கணினி, வேகமானது. ஓட்டிவிட்டு நிறுத்த மறந்துவிட்டார். (குடை நல்லது. குடை யாரையும் கவிழ்க்காது.) பழைய மூன்று வாரத்தைத் தாண்டி, அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில், கோடு இறங்க ஆரம்பித்தது. இறங்கி, தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

துகள்கள் மறந்துவிட்டன. கொஞ்சம் மெதுவாக மறந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் இவரைத் துறைத் தலைவர் ஆக்கப்போகிறார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"உனக்கு மட்டும்."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு வச்சுக்கங்க."

"நீ கதை எழுதுறவ."

"அதைத்தான் சொல்றேன். யார் நம்பப்போறாங்க?"

சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குப் பதினோரு வரியில் கடிதம் எழுதினார். இன்றுவரை அனுப்பவில்லை. "இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்" என்கிறார். இப்போது நான்காவது ஓட்டம்.

5

வாசகர் அவசரப்படுவது தெரிகிறது. முடிவுகள் கைவசம் உள்ளன.

முடிவு ஒன்று: கடிதம் போகிறது. சக பேராசிரியர்கள் அவருடைய நேர்மையைக் கண்டு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (இதை நம்புகிறவர்கள் எந்தக் கல்லூரியிலும் வேலை பார்த்தவர்கள் அல்ல.)

முடிவு இரண்டு: கடிதம் போகவில்லை. சுழல் நாற்காலி வருகிறது. அவர் அதில் உட்கார்ந்து, சலவை இயந்திரத்தின் துணியைப்போல்... நாற்காலியும் சுழலும், துணியும் சுழலும். வேண்டாம், என்னால் முடியவில்லை.

முடிவைவிட எனக்குப் பெரிய தொல்லை அந்த மனைவிப் பாத்திரம். வாய்க்கு வாய் நக்கல். வேலையை விட்டுவிட்டு வந்தவள், எல்லாம் தப்பான கோடு என்று தெரிந்ததும் ஒரு தட்டையாவது தூக்கி வீச வேண்டாமா? ஏன் இவ்வளவு அடக்கம்? எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கேட்பார்.

அடித்துப் போட்ட இரண்டாவது தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அன்று கணினி ஓடத் தொடங்கி இருபத்தோராவது நாள். ஒற்றை அறை வீடு. எனக்கு ஏழாம் மாதம். கட்டிலுக்குப் பக்கத்தில் கணினியின் விசிறி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. கட்டுரையைக் காட்டி அவர் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்னு பாக்கறேன்" என்றார்.

"போதும்" என்றேன்.

ஓட்டத்தை நிறுத்திக் கட்டுரையை அனுப்பினார்.

இந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சலவை இயந்திரத்தின் முன்னாலும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு கடிதத்தைப் பிழை பார்க்கக் கொடுத்தார். மூன்றாவது வரி: "கணக்கீட்டை முன்னதாக நிறுத்தியது என்னுடைய முடிவு மட்டுமே."

பழைய பிழை திருத்துநர் நான். தேவையில்லாத சொல் கண்ணில் படாமல் போகாது. யாருமே கேட்காதபோது அந்த 'மட்டுமே' எதற்கு? ஆக, துகள்கள் மறந்துவிட்டன, இவர் மறக்கவில்லை. அன்றைக்கு நான் அழுதேன், இயந்திரம் எதுவும் ஓடாமலே.

[இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். ஒரு பென்சில் கோடுகூட இல்லாமல் திரும்பி வந்தது. முதல் தடவை.]

6

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். முதலில் கடிதம் போக வேண்டும், அப்புறம்தான் இந்தக் கதை. கடிதத்தில் 'மட்டுமே'யை அடித்துவிட்டேன். அவர் திரும்பவும் எழுதினார். திரும்பவும் அடித்தேன்.

நான்காவது ஓட்டம் சற்று முன் முடிந்தது. கோடு அதே இடத்தில் இறங்கி, அதே மாதிரி படுத்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"இன்னொரு தடவை ஓட்டவா?" என்கிறார்.

இதற்குப் பதில் ஒரே சொல். எங்களை இதில் மாட்டிவிட்டதும் அதே சொல்தான். அன்று அதைச் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. இன்று வாய் திறக்க மாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, நக்கல் எதுவும் இல்லாமலே சொல்கிறேன்.

இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது நான் சொல்வதற்குக் காத்திராமல் அவரே அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஒப்பந்தத்தை மீறி அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். எது என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என்னால் இதற்குமேல் எழுத முடியாது. கேள்வி கேட்டுவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.