தரை சுடுகிறது

காலை ஐந்து மணிக்கெல்லாம் கப்பலின் அடிவயிற்றில் ஆறு உலர்த்தும் இயந்திரங்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மேலே பன்னிரண்டு தளங்களில் மூவாயிரம் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முந்தின நாள் துடைத்துப் போட்ட துண்டுகளும் கசக்கிப் போட்ட விரிப்புகளும் சலவைக்கூடத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. விடிந்ததா இல்லையா என்று சுவர்க் கடிகாரத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சோப்பு நெடி மூக்கை அறுத்தது. ஈரத் துணி ஒரு கட்டைத் தூக்கினால் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது.

அங்கே ஒன்பது பேர். போன பருவம் வரை பதினாலு பேர் இருந்தார்கள். ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அதற்குச் 'சீரமைப்பு' என்று பெயர் வைத்தது கம்பெனி. அந்த ஐந்து பேரில் ஒருவர் காற்றுக்குழாய்க்குள் கையைவிட்டுப் பஞ்சு வழிக்கும் வேலையை மட்டும் பார்த்தவர். துணி காயும்போது அதிலிருந்து பஞ்சு பிரிந்து, சூடான காற்றோடு குழாய்க்குள் போய் அங்கேயே படியும். வழிக்காமல் விட்டால் அது பஞ்சு இல்லை, பற்றவைக்காத அடுப்பு. அவர் போன பிறகு அந்த வேலை யாருடையது என்று கம்பெனி சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

தெர்மாமீட்டர் முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறினான்.

அந்தப் பட்டப்பெயர் அவன் கைக்குக் கிடைத்தது. புறங்கையை ஒரு நொடி குழாயில் வைத்து எடுத்தால் போதும், "அறுபது", "எழுபது" என்று சொல்லிவிடுவான். கருவியை வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருக்கும்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நேர் மேலே கூரையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வெள்ளைக் கருவி. சூடோ புகையோ மிஞ்சினால் அலறும். அலறினால் இயந்திரம் தானாக நின்றுவிடும், மறுபடி ஓட இருபது நிமிடம் பிடிக்கும். ஆள் குறைந்த பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அலறியது. மேலே துண்டு போகவில்லை. சூப்பர்வைசர் மேலிடத்தில் வாங்கிய வசவையெல்லாம் கீழே கொண்டுவந்து கொட்டினார். அப்போது தெர்மாமீட்டருக்கு ஒரு யோசனை வந்தது. பயணிகளின் குளியலறையில் தலை நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் குல்லா வைப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து அந்தக் கிண்ணத்துக்கு மாட்டிவிட்டான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அலறலே இல்லை. சோதனை அதிகாரி வருகிற அன்று மட்டும் ஆறு குல்லாவும் கழன்று அலமாரிக்குள் போய்விடும்.

எட்டு மாதம் ஆயிற்று. துண்டுகள் தடங்கலில்லாமல் மேலே போயின. இந்தப் பருவத்தின் சிறந்த தொழிலாளி என்று அறிவிப்புப் பலகையில் அவன் படம் ஏறியது. பரிசாக அவன் குடும்பத்துக்கு ஐந்து நாள் இலவசக் கப்பல் பயணம். நேற்று மாலைதான் அவன் மனைவியும் மகளும் புதுச் செருப்பும் இரவல் பெட்டியுமாகக் கப்பலேறியிருந்தார்கள். அந்தக் குடும்பம் சேர்ந்து போகிற முதல் உல்லாசப் பயணம் அது. அவன் கீழ்த்தளத்தில், அவர்கள் ஐந்தாவது தளத்தில். இடையில் 'பணியாளர்கள் தாண்டக் கூடாது' என்று எழுதிய ஒரு கதவு.

"என்ன தெர்மாமீட்டர், வீட்டுக்காரங்க மேல மகாராணியாட்டம் இருக்காங்க, நீ இங்க அவங்க துண்டையே உலத்துற?" என்றான் துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறவன். முழங்கை வரைக்கும் எப்போதும் சோப்போடு திரிவதால் அவனுக்கு 'நுரை' என்று பெயர்.

"அவ துண்டைத் தொடவே மாட்டேங்குறாப்பா. அழுக்காயிடுமாம்."

விரிப்புகளை உருளையில் விட்டு இழுக்கும் பிரஸ் அக்கா சிரித்தாள். அவள் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. நாலு நாளைக்கு முன்னால் உருளை சுட்டது. ஆள் இல்லை என்று அன்றைக்கே மறுபடி வேலையில் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது இயந்திரத்தின் குழாயில் தெர்மாமீட்டர் வழக்கம்போலப் புறங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். சூப்பர்வைசரிடம் போனான். "சார், மூணாம் நம்பர் குழாய் சரியில்ல. நேத்தைவிட சுடுது. உள்ள ஏதோ தீய்ஞ்ச வாடை வேற."

"நாளைக்குத் துறைமுகம் வந்துடும். அங்க பாத்துக்கலாம்."

"போன துறைமுகத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

"குடும்பத்தோட வந்திருக்க. நல்ல பேரோட இருக்க. எதுக்குப்பா?" என்றார் அவர், அக்கறையோடு சொல்வதுபோல.

ஒன்பது மணிக்கு அனுமதிச்சீட்டு கிடைத்தது. அரை மணி நேரம் குடும்பத்தைப் பார்த்து வரலாம். தெர்மாமீட்டர் சீருடையை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு மேலே போனான். ஐந்தாவது தளம், நடைபாதையின் கோடியில் ஜன்னலில்லாத உள்அறை. கதவைத் திறந்ததும் பத்து வயது மகள் பாய்ந்து வந்தாள்.

"அப்பா, மூணு நீச்சல் குளம்! ஐஸ்கிரீம் எத்தனை தடவை கேட்டாலும் தர்றாங்க. நான் நாலு தடவை வாங்கிட்டேன், அம்மா வெக்கப்பட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க!"

"வெக்கம் அதுக்கு மட்டுமா?" என்றாள் மனைவி. அவள் பதினோரு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். "சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள யாரோ வந்து படுக்கையை உதறி விரிச்சு வச்சிட்டுப் போயிருக்காங்க. எனக்குக் கூசிப்போச்சுங்க. அடுத்த தடவை நானே விரிச்சு வச்சிட்டுத்தான் வெளிய போனேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை நாளாயிற்று மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து.

"அப்பா, செருப்பைக் கழட்டுங்க."

"எதுக்குக் கண்ணு?"

"கழட்டுங்களேன். இங்க வந்து நில்லுங்க. இந்த இடத்துல மட்டும் தரை வெதுவெதுன்னு இருக்கும். ராத்திரி ஏ.சி. ரொம்பக் குளிருச்சா, நான் கட்டில்ல படுக்கல. இங்கயே சுருண்டு படுத்துட்டேன். எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மண்டியிட்டுக் கம்பளத்தின்மேல் புறங்கையை வைத்தான். நாற்பத்தைந்து. கம்பளத்துக்கு மேலேயே நாற்பத்தைந்து. கம்பளத்துக்குக் கீழே, இரும்புத் தகட்டுக்குக் கீழே, குழாய்க்கு உள்ளே எவ்வளவு? மூன்றாம் நம்பர் குழாய் கூடத்திலிருந்து கிளம்பி எந்தெந்த அறைக்கு அடியில் போகிறது என்று இதுவரை அவன் யோசித்ததே இல்லை.

"பாப்பா, கட்டில்மேல ஏறி உக்காரு."

"ஏம்ப்பா?"

"உக்காருன்னு சொல்றேன்ல!"

மகளின் முகம் வாடிப்போயிற்று. மனைவி அவனையே பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. மெஷின் சூடு. அப்படித்தான் இருக்கும்."

"தரையைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. ராத்திரி இருந்ததைவிட இப்ப கூடியிருக்கு. சொவரோரம் கால் வைக்க முடியல. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல மறந்து வச்சாப்பல ஒரு வாடை வருது. உள்ளதைச் சொல்லுங்க."

சொன்னான். பஞ்சு, குழாய், அலறும் கருவி, குல்லா, எல்லாவற்றையும்.

"அந்தக் குல்லாவை மாட்டுனது யாரு?"

"நான்தான்."

அவள் அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அதுக்குக் குடுத்த பரிசா இது?"

"இந்த ரூமைத் தருவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேற ரூம் தந்திருந்தா சரியாப் போயிருக்குமா?"

அவனுக்குக் காதுமடல் சுட்டது.

"கீழ ஒன்பது பேர் இருக்கீங்களே, ஒருத்தருக்குக்கூடவா பயம் வரல?"

"எல்லாருக்கும் இருக்கு. அவங்கவங்க தனித்தனியாப் பயந்துக்கிட்டு இருந்தோம்."

"அப்ப போங்க. போய்ச் சேந்து பயப்படுங்க. நான் பாப்பாவைக் கூட்டிட்டு மேல திறந்த தளத்துக்குப் போறேன்." கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல அந்தக் குல்லாவைக் கழட்டுங்க."

அவன் சீட்டில் இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. படிகளில் இரண்டிரண்டாக இறங்கினான். கூடத்துக்குள் நுழைந்ததும் கத்திச் சொன்னான்: "என் பொண்ணு ராத்திரி பூரா மூணாம் நம்பர் குழாய்மேல படுத்துத் தூங்கியிருக்கா!"

உருளையின் சத்தத்துக்கு மேலே அது எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி மூன்றாவது குல்லாவைப் பிடுங்கினான். இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. கருவி அலறியது. இயந்திரம் முனகி நின்றது.

"ஏய்! என்ன பண்ற?" சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இறங்கு கீழ!"

"ஒரு நிமிஷம் சார்," என்றான் நுரை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டாவது இயந்திரத்தின் தலைக்கு மேல் எட்டிக் குல்லாவை இழுத்தான். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு, ஐந்து, ஒன்று. கடைசியாக ஆறாவதை அக்கா கட்டுப்போட்ட கையாலேயே கழற்றினாள். சில கருவிகள் அலறின, சில சும்மா இருந்தன. நிற்காத இயந்திரங்களையும் உருளையையும் அவர்களே நிறுத்தி, அலறலையும் அணைத்தார்கள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்தக் கூடத்தில் ஒருவர் மூச்சுவிடுவது இன்னொருவருக்குக் கேட்டது.

மேனேஜர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பிரஸ் செய்ததும் அக்காதான்.

"பன்னெண்டு மணிக்குக் குளத்துக்கிட்ட ரெண்டாயிரம் துண்டு இருக்கணும். யார் நிறுத்தினது?"

"நாங்கதான் சார்," என்றாள் அக்கா. "குழாயைத் திறந்து பஞ்சை வழிச்சாத்தான் ஓடும். பஞ்சு வழிக்கிறவரைத் திரும்ப வேலைக்கு எடுங்க. மேல அந்தக் குழாய் போற ரூம்கள்ல இருக்கறவங்களை இப்பவே வெளியேத்துங்க."

"இந்தக் கருவிக்குக் குல்லா மாட்டுறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? யார் மாட்டினதுன்னு கேமராவுல இருக்கு." அவர் கண் தெர்மாமீட்டர் மேல் நின்றது.

"எட்டு மாசமாக் கேமராவுல பாத்துட்டா இருந்தீங்க?" என்றாள் அக்கா. "அப்ப ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?"

மேனேஜர் அவளை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரின் தோளில் கை போட்டார். குரல் இளகிவிட்டது.

"உன் பயம் எனக்குப் புரியுதுப்பா. நானும் பிள்ளை பெத்தவன். ஒன்பதாவது தளத்துல பால்கனி வச்ச ரூம் ஒண்ணு காலியா இருக்கு. இப்பவே உன் குடும்பத்தை அங்க மாத்திடறேன். கதவைத் திறந்தா கடல். போதுமா? மெஷினைப் போடு."

தெர்மாமீட்டர் அந்தப் பால்கனியை ஒரு கணம் பார்த்தான். அதில் மகள் நின்று கைகாட்டுவதையும் பார்த்தான். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

"அந்த அஞ்சாவது தளத்து ரூம்ல அப்புறம் யார் சார் படுப்பாங்க?"

"அது உன் கவலை இல்ல."

"இவ்வளவு நாளும் அப்படித்தான் சார் நினைச்சேன்." தோளிலிருந்து அவர் கையை அவன் எடுத்துவிட்டான். "குல்லாவை மாட்டுனது நான்தான். எழுதிக்கங்க. ஆனா இனிமே என் கையால மாட்ட மாட்டேன்."

"நானும் மாட்டினேன், என் பேரையும் எழுதுங்க," என்றான் நுரை. பின்னாலிருந்து இன்னொரு குரல் "நானும்" என்றது. பிறகு இன்னொன்று.

மேனேஜரின் முகம் கறுத்தது. "நாளைக்குக் காலையில துறைமுகம். ஒன்பது பேரும் பெட்டியைத் தூக்கிட்டு இறங்குவீங்க. உன் பொண்டாட்டி பிள்ளையும்தான்."

"அப்ப துணியை யார் சார் துவைப்பா, நீங்களா?" என்றான் நுரை. "சோப்பு எங்க இருக்குன்னு காட்டட்டுமா?"

சிரித்துவிட்டார்கள். பயத்தோடுதான் சிரித்தார்கள். மேனேஜர் காவலாட்களை அழைத்துவரப் போனார். சூப்பர்வைசர் அவர் பின்னால் நாலு எட்டு வைத்தவர், போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றார்.

நுரை திருப்புளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் குழாயின் மூடிகளுக்குப் போனான். "அவசரப்படாதீங்க," என்றான் தெர்மாமீட்டர். "காத்து பட்டா உள்ள இருக்கறது குப்புனு பிடிச்சுக்கும். ஈர விரிப்பை எல்லாம் இங்க கொண்டாங்க. தீயணைக்கிற சிலிண்டர் பக்கத்துல இருக்கட்டும்." புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தான். கால் மணி நேரம் கழித்துத் தலையசைத்தான். நுரை முதல் மூடியின் திருகுகளைக் கழற்றினான்.

உள்ளே குழாயே தெரியவில்லை. பஞ்சு கல்லாக இறுகி, முன்பக்கம் சாம்பல் நிறம், அடுத்து பழுப்பு, அதற்கும் அடுத்து கருகல். கருகலுக்கு நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஏதோ ஒன்று சிவந்து மங்கியது. மறுபடி சிவந்தது. அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நுரை ஈர விரிப்பை அதன்மேல் அமுக்கினான். 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு ஆவி அவன் முகத்தில் அடித்தது. வாசலில் நின்ற சூப்பர்வைசர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது மொத மூடி," என்றான் தெர்மாமீட்டர். "இன்னும் ஆறு இருக்கு."

ஐந்தாவது தளத்தில் படுக்கை விரிக்கிற ரூம்காரர் துண்டு கேட்டு வந்தவர், தரையில் கிடந்த கருகிய பஞ்சைப் பார்த்துவிட்டு வண்டியை அப்படியே விட்டார்.

"அண்ணே, புதுச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா எங்க தளத்துல ஒவ்வொரு கதவாத் தட்டுறாங்களே, அவங்க உங்க வீட்டுக்காரங்களா?"

"ஐயோ! மேல போறேன்னு சொன்னாளே!"

"பாப்பாவை மேல எங்க ஆள்கிட்ட விட்டுட்டு வந்திருக்காங்க. 'வெறுங்காலோட தரையைத் தொட்டுப் பாருங்க'ங்கறாங்க. தொட்டுப் பாத்தவங்க பிள்ளைங்களைத் தூக்கிட்டு வெளிய வர்றாங்க. நடைபாதை பூரா ஜனம். மேனேஜர்கிட்ட நாலு பேர் சண்டை போட்டுட்டு இருக்காங்க." அவர் சட்டைக் கையை மடித்தார். "நாங்க ரூம் பாக்கறவங்க இருபத்திரண்டு பேர். துண்டு இன்னிக்கு வராதுன்னு எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். இப்ப எதைத் தூக்கணும் சொல்லுங்க."

இரும்புப் படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு பேர் இல்லை, நாலு பேர் இல்லை, நிறையப் பேர். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் ஒரு தளம் இறங்கியது. இன்னொரு தளம் இறங்கியது.

அக்கா இரண்டாவது மூடியின் கீழே போய் ஈர விரிப்பை விரித்துப் பிடித்தாள். "திருப்புளி யார்கிட்ட இருக்கு? நிக்காதீங்க."

ரூம்காரர் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தெர்மாமீட்டர் ஸ்டூலில் ஏறி, புறங்கையை இரும்பில் வைத்தான்.