கொழுக்கட்டை எங்கே போகிறது

என் மனைவி ரெஜினாவின் வலது கட்டைவிரல் மடங்கவில்லை. மாமல்லபுரத்திலிருந்து அவள் தங்கை கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தை நறுக்கும்போது கத்தி வழுக்கி விரலடியில் நரம்பை அறுத்துவிட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். இரண்டரை மாதம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது, நரம்பும் ஒட்டிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். விரல் மட்டும் ஆணி அடித்த மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

பயம்தான் காரணம் என்றார் பிசியோதெரபி சங்கரி மேடம். மடக்கினால் மறுபடி பிய்த்துக்கொள்ளும் என்று இவள் மனசில் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டால் விரல் இறுகிப்போகும், அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் எச்சரித்தார். ரெஜினா மறைமலைநகரில் ஒரு வயர் கம்பெனியில் இருக்கிறாள். நாள் முழுக்கக் கட்டைவிரலால் கனெக்டரை அழுத்தி மாட்டுகிற வேலை. அந்த விரல் இல்லையென்றால் வேலை இல்லை. அதுகூடப் போகட்டும், புடவைக்கு ஊக்கு குத்த உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று ஒரு நாள் அவள் அழுதாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனைத் தடவினால் போதாது, அழுத்துகிற மாதிரி பொத்தான் வைத்த எதையாவது கையில் கொடுங்கள் என்றார் மேடம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தேன். அதில் முதல் கேமே நான் பள்ளிக்கூட நாளில் ஆடியதுதான். இடது கட்டைவிரலால் ஆளை நடக்க வைக்க வேண்டும், வலது கட்டைவிரலால் குதிக்க வைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே ஓர் எதிரி வரும். உருண்டையாக, குட்டைக் கால் இரண்டு, முட்டைக் கண் இரண்டு. நாங்கள் அதைக் கொழுக்கட்டை என்போம். தலையில் குதித்து நசுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அந்தக் கேமிலேயே சுலபமாகச் சாகிறது அதுதான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நானும் மறைமலைநகர்தான், வேறு கம்பெனியில் லைன் லீடர். எங்கள் லைனில் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு எத்தனை பீஸ் டார்கெட், எத்தனை முடிந்தது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதே மாதிரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மணிக்கு அறுபது கொழுக்கட்டை டார்கெட். எனக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலை முழுக்க வீட்டில்தான் இருந்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்து சூப்பர்வைசர் வேலை பார்த்தேன்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாள் ஆள்காட்டி விரலால் திருட்டுத்தனமாக அழுத்தினாள். கையும் களவுமாகப் பிடித்து ஒரு கத்து கத்தினேன். அவள் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்பது யாரென்று தெரியாது, அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

நான்காம் நாள் காலையில் அவளாகவே டிவியைப் போட்டாள். கொழுக்கட்டை ஆடி ஆடி வந்தது. அழுத்து, அழுத்து என்று நான் ஆரம்பித்தேன். அவள் அழுத்தவில்லை, அதையே உற்றுப் பார்த்தாள்.

"இது இன்னாய்யா பண்ணுச்சு நம்மள? அது பாட்டுக்கு வந்துகினு கீது."

"எதிரிம்மே. தொட்டா நம்ம ஆளு செத்துடுவான்."

"எப்பனா தொட்டுப் பாத்துக்கீறியா நீ?"

பார்த்ததில்லை. நான் மட்டுமா, எங்கள் தெருவில் யாருமே பார்த்ததில்லை. வந்ததும் குதிப்போம், நசுக்குவோம், அவ்வளவுதான்.

ரெஜினா இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டாள். கொழுக்கட்டை வந்தது, நம் ஆள் மேல் முட்டியது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆள் நின்றபடி நின்றான். அதுவும் நின்ற இடத்திலேயே காலை மட்டும் தப்தப்பென்று போட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரன் டூப்ளிகேட் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான், பீஸ் ரிஜெக்ட் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடி முட்டவிட்டோம். சாகவில்லை. அடுத்து வருகிற முள் வைத்த பூச்சியைத் தொடவிட்டேன், உடனே செத்தான். ஆக, பெட்டி சரியாகத்தான் இருக்கிறது. கொழுக்கட்டைதான் யாரையும் ஒன்றும் செய்யாது. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரத்தை நசுக்கியிருப்பேன்! அசிங்கமாக இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு கேள்வி வந்துவிட்டது. முட்டிக்கொண்டு நிற்கிறதே, அது எங்கேயோ போகத்தானே பார்க்கிறது? நம் ஆளுக்குப் பின்னால், திரையின் இடது ஓரத்துப் பாறையில் ஒரு கறுப்புப் பொந்து இருந்தது. அதை நான் சின்ன வயசில் கவனித்ததே இல்லை, எனக்கு எப்போதும் வலது பக்கம் ஓடுகிற அவசரம். ரெஜினா ஆளைப் பின்னுக்கு நடத்திப் பார்த்தாள். பொந்து வாசலில் இடித்துக்கொண்டு நின்றான், உள்ளே நுழைய முடியவில்லை. கொழுக்கட்டை விடாமல் பின்னாலேயே வந்து மறுபடி முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் போகவும் இடமில்லை, அது நிற்கிறது.

"வூட்டு வாசல்ல போய் மறிச்சிகினு நிக்கிறோம் நாம," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

வீடு என்று யார் சொன்னது, சாப்பாடு இருக்கும் என்றேன் நான். சாப்பாட்டுக்கு எதற்கு இவ்வளவு பிடிவாதம், உள்ளே குட்டி இருக்கும் என்றாள். கொழுக்கட்டைக்கு ஏது குட்டி என்று நான் கேட்க, இதே மாதிரி குட்டிக் கொழுக்கட்டைதான் என்று அவள் சொல்ல, சின்னப் பிள்ளைகள் மாதிரி அரை மணி நேரம் சண்டை போட்டோம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அரிப்பு தாங்கவில்லை. டார்கெட்டாவது ஒன்றாவது, அந்தப் பொந்துக்குள் அது போய் என்ன செய்யும் என்று தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது. ஆள் குதித்தால் அது அடியில் புகுந்து போய்விடும், வேறு வழியே இல்லை. குடு இப்படி, நான் குதிக்கிறேன் என்று ஜாய்ஸ்டிக்குக்குக் கையை நீட்டினேன்.

"இரு," என்று அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். "நான் பாக்கறேன்."

நம் ஆள் குதித்தான்.

கொழுக்கட்டை அடியில் புகுந்து குடுகுடுவென்று பொந்துக்குள் போய்விட்டது. ரெஜினா திரைக்குள்ளேயே விழுந்துவிடுவதுபோல் முன்னால் சாய்ந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் பொத்தான் மேல் வளைந்து கிடந்தது. நடுக்கணு மடங்கியிருந்தது, ஆள்காட்டி விரல் பக்கத்திலேயே இல்லை.

பொந்திலிருந்து கொழுக்கட்டை வெளியே வந்தது. ஒன்றும் கொண்டுவரவில்லை, கூட யாரும் வரவில்லை. உள்ளே என்னதான் செய்ததோ! வந்த வழியே ஆளை நோக்கி நடந்தது. அவள் குதிக்க வைத்தாள், அது போயிற்று. வலது ஓரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மறுபடி குதிக்க வைத்தாள். அது போய் வரப் போய் வர, விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் விரலைப் பார்ப்பாள், பார்த்தால் பயம் வந்துவிடும். சந்தோஷத்தில் எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. பிறந்ததிலிருந்து நான் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை.

"இன்னாய்யா, சத்தத்தையே காணோம்?" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. திரும்பி வருது பாரு. வழி வுடு."

விட்டாள்.